இரண்டு விரல் அகலம்

படச்சட்டக் கடைக்காரருக்கு ஊரில் 'கண்ணளவு' என்றுதான் பெயர். அளவுநாடாவைத் தொடாமல், ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தே மரத்தை அறுப்பார் என்பது ஊர்ப்பேச்சு. அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இப்போது அருங்காட்சியகத்தில் அவருடைய அக்காவின் நாற்பது வருட ஓவியங்களை மாட்டியிருக்கிறார்கள். மரமோ மனிதரோ இல்லாத, வெறும் வண்ணங்களாலான ஓவியங்கள். அத்தனைக்கும் சட்டம் தம்பி போட்டது. நெஞ்சை நிமிர்த்தி நடக்க வேண்டிய மனுஷன், காகிதத்தில் சுற்றிய நீளமான ஏதோ ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுவரோரமாகப் பதுங்கி வந்தார். காவலாளி என்னவென்று கேட்டதற்கு, அளவுகோல் என்றார். உங்கள் கையில் அளவுகோலா என்று காவலாளி சிரித்துக்கொண்டே கூட நடந்தார்.

மூன்றாவது அறையில் அந்த மஞ்சள் படம். கெட்டி அட்டையில் வரைந்தது. இருபத்திரண்டு வருஷம் வெளியூர் நூலகத்தில் தொங்கிவிட்டு இரவலாக வந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு குறிப்பு: 'ஓவியர் கையெழுத்திடாத ஒரே படம். தன்னை முற்றாக மறைத்துக்கொண்ட துணிச்சல்.'

துணிச்சலாவது மண்ணாங்கட்டியாவது. படத்தை நூலகத்துக்கு அனுப்பிய அன்று சட்டம் இரண்டு விரல் குட்டையாகிவிட்டது. வாசலில் வண்டி நிற்கிறது, வேறு மரம் இல்லை. கண்ணளவு தப்பிவிட்டது என்று ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. அட்டையைக் கவிழ்த்துப் போட்டு அடியில் இரண்டு விரல் நறுக்கிவிட்டார். திருப்பிப் பார்த்தால் நறுக்கிய துண்டில் அக்காவின் பச்சைக் கையெழுத்து.

அதைக் கடைசிவரை மூடி மறைத்திருப்பார். ஆனால் போன வாரம் அக்கா அவர் வீட்டுக்கு வந்தாள். அந்தப் படத்தில் பச்சையில் கையெழுத்துப் போட்டதாக அருங்காட்சியக அதிகாரியிடம் சாதித்தாளாம். அவர் படத்தின் புகைப்படத்தைக் காட்டினாராம்; அதில் கையெழுத்தே இல்லை. அன்றிலிருந்து, அடுப்பை அணைத்ததைக்கூடச் சீட்டில் எழுதிவைக்கிறாள்.

"அப்பவே எனக்குப் புத்தி தடுமாற ஆரம்பிச்சிருக்குடா," என்றாள்.

வாயை மூடிக்கொண்டு இருக்கும்படி மனைவி சொன்னாள். அவரால் முடியவில்லை.

அக்கா படத்துக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். குறிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து காகிதத்தைப் பிரித்து அவள் மடியில் வைத்தார்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். பச்சை எழுத்தின் மேல் விரலை ஓட்டினாள். கண் கலங்கிவிட்டது.

"அப்ப நான் போட்டிருக்கேன்."

"போட்டிருக்கக்கா. நான்தான் வெட்டிட்டேன். சட்டம் குட்டையாப் போச்சு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தார். அவளோ புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெரிய மூச்சாக விட்டாள். ஒரு வாரமாக அடைத்துக்கொண்டிருந்த மூச்சு.

அதிகாரியிடம் சொல்லி ஒட்டச் சொல்லட்டுமா என்று மெல்லக் கேட்டார்.

"ஒட்ட வேணாம். இதுக்குத் தனியா ஒரு சட்டம் போடு. பக்கத்துலயே மாட்டட்டும்," என்றவள் சற்று நிறுத்தினாள். "ஆனா இந்தத் தடவை அளந்து போடுடா."

காவலாளி பார்த்துக்கொண்டே நின்றார். கண்ணளவு கால்சட்டைப் பையிலிருந்து அளவுநாடாவை எடுத்தார். இருபத்திரண்டு வருஷமாக ஊர் கண்ணில் படாமல் அது அங்கேதான் இருந்தது.