ஷாஃப்ட் அறுந்தால் டெபோரா வருவாள்

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தது எங்கள் வீட்டு மிக்ஸி. ஜாரின் அடியில் இருக்கும் கப்ளர் தேய்ந்துபோய், சட்னிக்குப் பதில் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. புதிது வாங்க வண்ணாரப்பேட்டை போனேன். மெட்ரோவில் இறங்கி, நைட்டி மொத்த வியாபாரக் கடைகளுக்கு நடுவே இடிபட்டு நடந்து, மோட்டார் சாமான் விற்கும் ஒரு சின்னக் கடையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெண் பையிலிருந்து கறுப்பாக, நீளமாக எதையோ உருவி, செத்த தண்ணீர்ப் பாம்பைப் போடுவதுபோல் மேசைமேல் போட்டாள்.

"மறுபடி புட்டுக்கிச்சுபா" என்றாள்.

கடையில் நின்ற இளைஞன் பாம்பைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான்.

நான் கண்ணால் கண்டது இவ்வளவுதான். மீதியெல்லாம் திரும்பி வரும்போது ரயிலில் உட்கார்ந்து நானே கட்டியது. அந்த யோசனையில் கப்ளர் வாங்க மறந்துவிட்டேன். வீட்டில் இப்போதும் பொடி இட்லிதான்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: "எண்ணூர்க் கடலில் சூரியன் உதித்தபோது அவள் விழிகளில்—" வேண்டாம். எண்ணூரில் சூரியனுக்கு முன்னால் புகைபோக்கிதான் கண்ணில் படும்.

இரண்டாவது: "ராயபுரத்து மாதா கோயில் மணி ஒலித்தது. கூடவே டெபோராவின் இதயமும்—" இதுவும் வேண்டாம். இதயம் ஒலிக்கும் வாக்கியங்களை என் பழைய நாவல்களில் செலவழித்துவிட்டேன்.

மூன்றாவது: "ஷாஃப்ட் அறுந்தது." இது நிற்கிறது.

ஷாஃப்ட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு (போன மாதம்வரை நானும் உங்கள் கட்சி): மரம் செதுக்கும் மிஷினில் மோட்டார் மேலே கொக்கியில் தொங்கும். பேனா போன்ற கைப்பிடி கீழே கையில் இருக்கும். மோட்டாரின் சுழற்சியைக் கைக்குக் கொண்டுவருவது ஒரு கறுப்பு ரப்பர் உறை, அதற்குள் முறுக்கிய இரும்புக் கம்பி. இரண்டும் சேர்ந்ததுதான் ஷாஃப்ட். எங்கே வளைத்தாலும் வளையும், வளைந்தபடியே சுழலும். நல்ல மருமகள் என்று நம் குடும்பங்கள் எதை எதிர்பார்க்கின்றனவோ, கிட்டத்தட்ட அது.*

* இந்த உவமையை நீக்கும்படி என் மகள் சொன்னாள். அவளுக்காக நீக்கியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

3

கடை இளைஞனுக்கு ரெஜி என்று பேர் வைத்தேன். அவன் அப்பா வெள்ளத்துரை நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவர். சென்னைக்கு வந்து எவ்வளவோ காலமாகியும் அவர் பேச்சு மட்டும் இன்னும் ரயில் ஏறவில்லை.

அவளுக்கு டெபோரா. ராயபுரம். திருவொற்றியூரில் குணசேகரன் பட்டறையில் கதவுக்குத் திராட்சைக்கொடியும், மாதா கோயிலுக்குச் சுரூபச் சிலையும் செதுக்குகிறாள். பட்டறையில் அந்த மிஷின் ஒன்றுதான். அது அவள் கையில் இருக்கிறது. மற்றவர்கள் உளியோடும் உப்புத்தாளோடும் இருக்கிறார்கள். இது அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

முதல் பிரதியில் டெபோரா கடைக்குள் நுழைந்ததும், "அண்ணா, ஷாஃப்ட் கீதா?" என்று கேட்டுவிட்டாள். எழுதிவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டேன். குடும்ப நாவல் படிக்கிறவர்களுக்குத் தெரியும், ஒரு "அண்ணா" வந்து விழுந்தால் அதைத் தாண்டிக் கதை நகராது. உடனே அடித்துவிட்டு "ஷாஃப்ட் கீதாபா?" என்று மாற்றினேன். வடசென்னையின் அந்த ஒரு "பா"வுக்கு நான் கடன்பட்டவள். அது யாருக்கும் பொருந்தும், எந்தக் கதவையும் சாத்தாது.

4

அவள் மூன்றாம் முறை வந்தபோது ரெஜி ஒரு புது ஷாஃப்டைப் பிரித்து வைத்துக்கொண்டான். கொடைக்கானல் மூடுபனியில் எல்லாம் நான் காதல் காட்சி எழுதியிருக்கிறேன். கிரீஸ் டப்பாவை வைத்து எழுதுவது இதுதான் முதல் தடவை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

"உள்கம்பிய அப்பப்ப இப்படி உருவி, பழைய கிரீஸ துணியால தொடைச்சிடணும்" என்றான் ரெஜி. "அப்புறம் விரல்ல தொட்டு லேசா பூசணும். தலைக்கு எண்ணெய் வைக்கிற மாதிரி."

"எங்கம்மா வச்சா மூஞ்சில வழியும்பா."

"அப்படி வச்சா இதுவும் வழியும். சுத்துற வேகத்துல கைப்பிடிக்குள்ள இறங்கி சூடாயிடும்."

"செரி, மேல சொல்லு."

"திரும்பச் சொருகினா முனை உறைக்கு வெளிய கொஞ்சம் நீட்டிக்கிட்டு நிக்கணும். உள்ள போயிட்டா கைப்பிடியோட சேராது. மோட்டார் பக்கம் ஸ்குரூவ முறுக்குங்க. முதல்ல மெதுவா ஓட விடுங்க. உறை பெரிய வளைவா தொங்கணும். மடங்கினா கம்பி அறுந்திடும்."

"நான் இன்னா பாய் மடிக்கிற மாதிரி மடிச்சு வச்சிகினா வேல செய்றேன்?"

"எப்படிப் பிடிப்பீங்க, காட்டுங்க."

மேசையிலிருந்த கைப்பிடியை அவள் வலக்கையில் எடுத்தாள். அடுத்த வீட்டுக் குழந்தையை முதல் தடவை வாங்குகிறவள்போல் பிடித்தாள். கூச்சம் என்று ரெஜி நினைத்துக்கொண்டான்.

பின்னாலிருந்து வெள்ளத்துரை குரல் கொடுத்தார். "லேய் ரெஜி, இந்தப் பிள்ளைக்கு எத்தன ஷாஃப்ட்டு வித்திருக்கோம்? மரத்தச் செதுக்குதாளா, இல்ல தண்டவாளத்தச் செதுக்குதாளா?"

டெபோரா சிரித்தாள். ரெஜி டப்பாவை மூடுவதற்குப் பதில் தன் கட்டை விரலை மூடினான்.

5

இங்கே எழுதுவதை நிறுத்தினேன். மாதாவுக்கு இமை செதுக்குகிற ஒருத்தி கைப்பிடியை அப்படியா பிடிப்பாள்? என் பாத்திரம் என்னிடமே எதையோ மறைக்கிறது என்று தோன்றியது. ஆகவே கதையை அப்படியே போட்டுவிட்டு, அவள் பின்னாலேயே திருவொற்றியூர் போனேன். (கற்பனையில்தான். வெயில் அப்படி.)

பட்டறையில் அவள் மிஷினைப் பிடித்திருந்தது இடக்கையில். அந்தக் கையில் அது குருவிபோல் உட்கார்ந்திருந்தது.

குணசேகரன் அவளைத் தாண்டிப் போனார். "இன்னாம்மா, பீச்சாங்கைலயா மாதாவுக்கு மூஞ்சி செதுக்குற? ஆர்டர் குடுத்த ஃபாதர் பாத்தா பேஜாராயிடும்."

"மாதா உன்னாண்ட வந்து கம்ப்ளெய்ன்ட் பண்ணாங்களாண்ணே?"

பதில் சட்டென்று வந்தது. ஆனால் காது சிவந்துவிட்டது. பீச்சாங்கை என்ற சொல்லுக்கு நான் விளக்கம் எழுதப் போவதில்லை. எந்தக் கை சோற்றுக்கு, எந்தக் கை எதற்கு என்று நம் எல்லோர் வீட்டிலும் அடித்துச் சொல்லித்தான் வளர்த்தார்கள். டெபோராவுக்கு இரண்டு அடி கூட. அதனால் வெளியிடத்தில் அவள் கொடுப்பதும் வாங்குவதும் வலக்கையில்தான். ரெஜிக்குக் காட்டியதும் அதே பழக்கத்தில்தான்.

இடக்கையில் பிடித்தால் மரத்தூள் நேராகக் கண்ணில் அடித்தது. மோட்டாரில் இருந்த சுவிட்சை எதிர்ப்பக்கம் தள்ளினாள். சுழற்சி திரும்பியது, தூளும் மறுபக்கம் பறந்தது. அவளுக்கு வசதியாகிவிட்டது. உள்ளே இருக்கும் கம்பி ஒரே பக்கமாக முறுக்கியது, அந்தப் பக்கம் சுழன்றால் இறுகும், எதிர்ப்பக்கம் சுழன்றால் அவிழும் என்று பட்டறையில் அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவர்களுக்கும் தெரியாது. எனக்கும் ஐந்தாம் பகுதிவரை தெரியாது.

6

மறுபடி கடை.

அவள் போட்ட ஷாஃப்டிலிருந்து ரெஜி உள்கம்பியை உருவினான். மடங்கி அறுந்த கம்பி ஓர் இடத்தில் பட்டென்று ஒடிந்திருக்கும். இது அவிழ்த்துவிட்ட பின்னல்போல் விரிந்து கிடந்தது.

"ரிவர்ஸ்ல ஓட்டுறீங்களா?"

"இல்லியே" என்றாள் டெபோரா. கண் மிக்ஸி ஜார்களின் பக்கம் போனது.

பொய் என்று அவனுக்குப் புரிந்தது. இடக்கைக்காரர்கள் அப்படி ஓட்டுவதை அவன் பார்த்திருக்கிறான். மேல் தட்டில் ஒரு பெட்டி இருந்தது. தவறி வந்த சரக்கு: இரண்டு பக்கமும் தாங்கும்படி அடுக்கடுக்காக எதிரெதிரே முறுக்கிய கம்பி. அதை எடுத்துக் கொடுத்தால் அவளுக்கு ஷாஃப்ட் அறுந்துபோகாது.

அறுந்துபோகாவிட்டால் அவள் வரமாட்டாள்.

ரெஜி ஏணியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். குனிந்து, கீழ்த் தட்டிலிருந்து வழக்கமான ஷாஃப்டையே எடுத்துக் கொடுத்தான்.

அவனைத் திட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள். எனக்கும் அவள் வரவேண்டியிருந்தது. இது ஆறாம் பகுதி. இங்கேயே நல்ல ஷாஃப்டைக் கொடுத்துவிட்டால், ஏழாவதில் நானும் ரெஜியும் ஈயோட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

7

அவள் வந்தாள். இந்தத் தடவை பாம்பைத் தூக்கிப் போடவில்லை, மெதுவாக வைத்தாள்.

"இதான்பா லாஸ்ட்டு" என்றாள். "இன்னொரு தபா புட்டுக்கினா மிஷினு எனக்கு இல்லன்னுட்டாரு குணா அண்ணே. உப்பு பேப்பர் தேய்க்கணுமாம். மாதா சுரூபம் பாதில நிக்குது. மூஞ்ச முடிச்சிட்டேன், கை ரெண்டும் பாக்கி. அத்த வேற எவனோ செய்வான். கரண்டி மாதிரி விரல் வப்பான்."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எழுத வரும். அவள் மேசையின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றாள், இடக்கை நகத்தால்.

ரெஜி அந்த நகத்தைப் பார்த்தான். அறுந்தது கம்பி மட்டும்தான் என்று இதுவரை நினைத்திருந்தான்.

ஏணியில் ஏறினான். பெட்டியை எடுத்துத் தூசு தட்டி, அவள் முன்னால் வைத்தான்.

"இது ரெண்டு பக்கமும் சுத்தும். எந்தக் கையில வேணாலும் பிடிங்க. அறுந்துபோகாது."

டெபோரா நிமிர்ந்தாள். "எந்தக் கைலன்னா?"

"கம்பி அவிழ்ந்து இருந்துச்சு. அதான்... தெரிஞ்சிச்சு."

"அதுக்கு ஒரு பேரு கீது. நீயும் சொல்லு, பரவால்ல."

"இடது கை" என்றான் ரெஜி. "வேற பேரு எனக்குத் தெரியாது."

அவள் இடக்கையை நீட்டிப் பெட்டியை எடுத்தாள். ஒரு வியாபாரியின் கடையில், அவன் முகத்துக்கு எதிரே, இடக்கையில். ரெஜி தன் இரண்டு கைகளையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

இங்கே முடித்திருக்கலாம். "முற்றும்" என்றுகூட எழுதினேன். ஆனால் அவள் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். அட்டை வெளுத்திருந்தது, ஒட்டியிருந்த டேப் பழுப்பேறியிருந்தது.

"இது எப்பலேர்ந்து இங்க கீது?"

"ரொம்ப நாளா."

"கம்பி அவுந்துக்கினது போன தபாவே பாத்தல்ல?"

"ம்."

"அப்ப தெரிஞ்சிகினே ஏன்பா குடுக்கல?"

8

மூன்று முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் ரெஜி அழகாகப் பேசுகிறான்: "டெபோரா, என் வாழ்க்கையும் இந்தக் கம்பி போலத்தான், நீ வந்த நாளிலிருந்து—" இதை நான் முடிப்பதற்குள் அவளே கிரீஸ் டப்பாவை எடுத்து அவன் தலையில் கவிழ்க்கப் போனாள். அடித்துவிட்டேன்.

இன்னொன்றில் வெள்ளத்துரை புகுந்து சம்பந்தம் பேசுகிறார். நல்ல கலகலப்பான காட்சி. ஆனால் ரெஜி வீட்டார் புராட்டஸ்டன்ட் சபை, டெபோரா வீட்டார் கத்தோலிக்க மாதா கோயில். திருமணம் எந்தப் பீடத்தின் முன்னால் என்ற சண்டை தொடங்கி, கதை கையை விட்டு எழுநூறு பக்க நாவலாக ஓடப் பார்த்தது. பிடித்து உட்காரவைத்தேன்.

மூன்றாவதில் நானே கடைக்குள் போய், "அவன் மேல தப்பில்லம்மா, ஆறாம் பகுதியில குடுக்க வேண்டாம்னு சொன்னது நான்தான்" என்கிறேன். டெபோரா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யார்பா இந்தக்கா? கப்ளர் வாங்க வந்தவங்களா?" என்று ரெஜியிடம் கேட்கிறாள்.

ஆக, கேள்வி அப்படியே மேசைமேல் கிடக்கிறது. அதற்கு உண்மையான பதில் ஒன்றே ஒன்றுதான். அதில் பாதி காதல், பாதி துரோகம். ஒன்றைச் சொல்லாமல் இன்னொன்றைச் சொல்ல முடியாது. அவன் ஆசைப்பட்டதும் அதே வாக்கியத்தில் இருக்கிறது, அவன் ஆசைக்காக அவள் வேலை போகப் பார்த்ததும் அதே வாக்கியத்தில்தான் இருக்கிறது. அவள் எந்தப் பாதியைக் காதில் வாங்குவாள் என்று எனக்குத் தெரியவில்லை. காதலர்கள் பேசும் வசனம் எத்தனையோ எழுதியவள்தான். இந்த ஒரு வரி வரமாட்டேன் என்கிறது.

அதனால் நீங்கள் வாருங்கள். கல்லாவுக்குப் பின்னால், ரெஜியின் இடத்தில் நில்லுங்கள். உள்ளே வெள்ளத்துரை சாப்பிட்டுக் கை கழுவும் சத்தம் கேட்கிறது, அவர் வந்துவிட்டால் பேச முடியாது. டெபோரா பெட்டியைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடிவிட்டாள். ஆனால் கவனியுங்கள், அவள் இன்னும் போகவில்லை.

"அது வந்துங்க..." வரைக்கும் நான் எழுதித் தருகிறேன்.