ஊதக் கூடாத இடம்

பூட்டுக்காரருக்கு எழுபத்தொரு வயது. தங்கை வீட்டுக்குப் போக, புல்வெளியில் இறங்கித் தண்டவாளத்தைத் தாண்டும் ஒற்றையடிப் பாதையில்தான் நாற்பது வருடமாக நடந்துவந்தார். அந்தத் தண்டவாளத்தில் இப்போது ஞாயிறுதோறும் பழைய நீராவி ரயில் ஒன்று வேடிக்கை பார்ப்பவர்களை ஏற்றிக்கொண்டு ஓடும். ஓடும் என்பது மரியாதைக்குச் சொல்வது. முதல் பெட்டியில் இருந்தவர் இறங்கி, பூப் பறித்து, வாய்க்காலில் முகம் கழுவி, கடைசிப் பெட்டியில் ஏறிக்கொண்டதைப் பூட்டுக்காரர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

ரயில் கம்பெனி அந்தப் பாதைக்குக் கதவு போட்டு, பூட்டி, 'இங்கே பாதை கிடையாது' என்று பலகையும் மாட்டியது. உண்மையா என்று பார்க்க இந்த ஞாயிறு ஓர் அரசு அதிகாரி என்ஜினிலேயே வருகிறார். அவர் இல்லையென்று எழுதிவிட்டால் வேலி நிரந்தரம். தங்கை வீட்டுக்கு ஆறு மைல் சுற்று.

ரயிலை ஓட்டுவது அந்தத் தங்கையின் புருஷன். முதல் நாளே வந்து கெஞ்சினார்.

"மச்சான், நாளைக்கு அந்தப் பக்கம் வராதீங்க. அங்க விசில் ஊதக் கூடாதுன்னு கம்பெனி உத்தரவு. ஊதினா ஆள் நடக்குற இடம்னு ஆயிடுமாம்."

"நீ ஊதாத மாப்ளே. நான் நடக்குறேன். அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாப்போம்."

"நீங்க பூட்டைத் தொறந்துடுவீங்கன்னு வேற பயப்படுறாங்க."

"அதையா? பக்கத்துல நின்னு தும்மினாலே தொறந்துக்கும். தொட மாட்டேன். என் பாதைல போக நான் எதுக்குத் திருடன் மாதிரி பூட்டைத் தொறக்கணும்?"

ஞாயிறன்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நடந்தார். கதவில் ஏறி, அந்தப் பக்கம் ஒரு கால் இந்தப் பக்கம் ஒரு கால் போட்டு உட்கார்ந்தார்.

ரயில் வந்தது. மாப்பிள்ளை பாவம், வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார். தண்டவாளத்தருகே ஆளைக் கண்டதும், முப்பது வருடப் பழக்கத்தில் இடது கை எழுந்து கயிற்றை இழுத்தது. அந்த ஊதலில் புல்வெளியில் மேய்ந்த மாட்டின் மடியிலேயே பால் தயிராகிவிட்டது என்று பூட்டுக்காரர் பிற்பாடு சொன்னார். யாரும் கறந்து பார்க்கவில்லை.

"எதுக்குங்க ஊதினீங்க?" என்றார் அதிகாரி.

"ஆளுங்க கடக்குற இடம் சார்," என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அதிகாரி எழுதிக்கொண்டார்.

பூட்டுக்காரர் கதவிலிருந்து தண்டவாளப் பக்கம் குதித்து என்ஜினுக்கு இணையாக நடந்தார்.

"என் வேலை போச்சு மச்சான்."

"போனா என்ன? உன் ரயில் வேகத்துலதான போகும். எட்டி நடந்தா பிடிச்சுக்கலாம்."

சொல்லிவிட்டு, கடைசிப் பெட்டி கடக்கும்வரை நின்றார். அது கடந்ததும் தண்டவாளத்தைத் தாண்டி, கையை வீசிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார்.