மேசைமேல் மோவாய்

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்கு, மேசையில் கிடக்கும் போன் ஒலிப்பது மட்டும் எப்படிக் கேட்கிறது? ஜாக்சனுக்கு இது பிடிபடவில்லை.

ஓசூரில் அவன் அண்ணன் வீடு. ஜெர்மனியிலிருந்து லீவில் வந்திருந்தார்கள். அவன் மகள், ஐந்து வயது லிபியா, சாப்பாட்டு மேசையில் மோவாயை ஊன்றிக்கொண்டு, தட்டில் இருந்த பஜ்ஜி ஆறுவதற்காகக் காத்திருந்தாள். பின்னால் நின்ற அவள் அம்மா டெல்பின் கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். திரும்பவில்லை. மேசையின் அந்தக் கோடியில் ஜாக்சனின் போன் மெல்லிய சத்தத்தில் அடித்தது. லிபியா உடனே அந்த மெட்டை முணுமுணுக்க ஆரம்பித்தாள்.

"பாத்தியா, நல்லாதான் கேக்குது அவளுக்கு," என்றாள் ஜாக்சனின் அண்ணி பவுலினா. "நீ தமிழ்ல கூப்புடற. ஜெர்மன்ல கூப்புட்டுப் பாரு, ஓடியாருவா."

"அங்க ஸ்கூல்ல ஜெர்மன்லதான் கூப்புடறாங்க அக்கா. அதுக்கும் திரும்பறதில்ல. வீட்ல நாங்க தமிழ் பேசறதாலதான் இப்படின்னு அவங்க சொல்றாங்க."

"அப்ப ரெண்டு ஊருக்கும் டிமிக்கி குடுக்கறா. கெட்டிக்காரி!"

டெல்பினுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர் வந்து சேர்ந்த அன்று மாலை, தெருவில் ஒருவன் சத்தமில்லாத மின்சார ஸ்கூட்டரில் லிபியாவின் முதுகுக்குப் பின்னால் வந்து, ஓரம் போகச் சொல்லிக் கத்தி, கடைசியில் உரசாமல் நிறுத்தினான். தெருவில் எல்லோரும் திரும்பினார்கள், லிபியாவைத் தவிர. டெல்பினுக்கு இன்னும் அந்தப் பதற்றம் போகவில்லை.

ஜாக்சன் ஒரு காலத்தில் ஓசூர் சிப்காட்டில் வேலை பழகியவன். இப்போது ஜெர்மனியில் ஒரு கியர் தொழிற்சாலையில் இருக்கிறான். லீவுக்குச் சில வாரம் முன்பு அங்கே ஒரு காது டாக்டர் லிபியாவைப் பார்த்துவிட்டு, "செவிப்பறைக்குப் பின்னால் நீர் சேர்ந்திருக்கிறது. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும். மூன்று மாதம் பொறுங்கள்," என்று சொல்லி அனுப்பிவிட்டார். மாத்திரை இல்லை, சொட்டு மருந்துகூட இல்லை. மருந்து எழுதாத டாக்டரை டெல்பினால் நம்ப முடியவில்லை. நரம்பில் கோளாறாக இருந்து, அதை அவர் கவனிக்காமல் விட்டிருந்தால்?

லீவில் ஊருக்கு வருகிற குடும்பங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பல் அடைப்பது, கண்ணாடி மாற்றுவது, ரத்தப் பரிசோதனை என்று அங்கே தள்ளிப்போட்டதையெல்லாம் லீவு முடிவதற்குள் முடித்துக்கொண்டு போவார்கள். இந்த முறை அந்த வரிசையில் லிபியாவின் காதும் சேர்ந்துகொண்டது. பெங்களூரில் விமானம் இறங்கிய மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள்.

கிளம்பும்போது பவுலினா ஒரு யோசனை சொன்னாள். "வெளிநாடுன்னு வாயத் தொறந்துடாத. பில்லு தானா ஏறும். நம்ம வீட்டு அட்ரஸையே குடு."

டெல்பின் இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டாள். "அந்த டாக்டர் சொன்னதையும் சொல்ல வேணாங்க. சொன்னா இவங்களும் அதையே திருப்பிச் சொல்லிடுவாங்க. புதுசா பாக்கட்டும்."

அப்படியே செய்தார்கள். காது டாக்டர் பிரியா எவ்வளவு நாளாக என்று கேட்டதற்கு, "ரொம்ப நாளா" என்றாள் டெல்பின். பரிசோதனை எளிமையானது. காதில் ஒரு மெத்தென்ற அடைப்பானை வைத்து, கொஞ்சம் காற்றைத் தள்ளி, கொஞ்சம் இழுப்பார்கள். செவிப்பறை அதற்கேற்ப அசைந்தால் திரையில் ஒரு குன்று போலக் கோடு எழும். பின்னால் நீர் நிறைந்திருந்தால் பறை அசையாது. கோடு தரையோடு தரையாக ஓடும். ஜெர்மனியில் சின்னக் குன்று ஒன்று இருந்தது. இங்கே குன்றே இல்லை.

"இத்தனை நாளா வடியாம, காதும் இவ்வளவு மந்தமா இருந்தா, காது ஜவ்வுல ஒரு சின்ன ஓட்டை போட்டு, குட்டிக் குழாய் வெச்சிடலாம். மயக்க மருந்து குடுத்துதான் செய்யணும்," என்றார் பிரியா. வியாழக்கிழமைக்கு நாள் குறித்தாயிற்று.

"பாத்தீங்களா, அங்க சும்மா உக்கார வெச்சாங்க, இங்க முத்திப்போச்சு," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள் டெல்பின். ஜாக்சனுக்கு வேறு கணக்கு ஓடியது. ஒரே காது, இரண்டு கோடு. எந்த டாக்டர் தப்பு? தப்பானவரை நம்பித்தான் குழந்தையை மயக்க மேசையில் படுக்க வைக்கப் போகிறோமா?

இந்தக் கேள்வி குடைந்துகொண்டிருந்தபோதுதான் சாப்பாட்டு மேசையில் லிபியா முணுமுணுத்த போன் மெட்டு அவன் நினைவுக்கு வந்தது. பவுலினாவின் போனை வாங்கி, மேசையில் கிடந்த தன் போனுக்கு அடித்தான். லிபியா மோவாயை மேசையில் வைத்திருந்தால் முணுமுணுத்தாள். அவளைத் தூக்கி நேராக உட்காரவைத்தால் ஒன்றும் இல்லை. பழக்கத்தில் பாடுகிறாளோ என்று மெட்டை மாற்றினான். மோவாய் மேசையில் பட்டதும் புது மெட்டையும் பாடினாள்.

"கொழந்தைய வெச்சி என்ன சர்க்கஸ் காட்டறீங்க தம்பி?" என்றாள் பவுலினா.

ஜாக்சன் மேசையைத் தட்டிப் பார்த்தான். சட்டென்று பழைய தொழிற்சாலை ஞாபகம் வந்தது. ஓடும் மோட்டாரில் பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க, ஸ்க்ரூ டிரைவரின் முனையை அதன்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்துவார்கள். சுற்றிலும் எவ்வளவு இரைச்சல் இருந்தாலும் பேரிங்கின் உறுமல் இரும்பு வழியாக ஏறி, எலும்பு வழியாக உள்ளே போய்விடும். இங்கே மேசைதான் ஸ்க்ரூ டிரைவர். மோவாய் எலும்பு வழியாக வருகிற சத்தம் இவளுக்குக் கேட்கிறது. காற்று வழியாக வருவதுதான் போய்ச் சேரவில்லை. அப்படியானால் உள்ளே நரம்பு நன்றாக இருக்கிறது. நடுவழியில்தான் அடைப்பு.

மறுநாள் மூவரும் மறுபடி பிரியாவிடம் போனார்கள். ஜாக்சன் மேசைக் கதையை ஒரே மூச்சில் சொல்லி முடித்தான்.

பிரியா சிரித்தார். "கரெக்ட் சார். எலும்புல வெச்சிப் பாக்கற டெஸ்டும் நாங்க அன்னிக்கே எடுத்தோம். நரம்பு நல்லா இருக்குன்னு சொன்னேனே?"

"சொன்னீங்க டாக்டர்," என்று ஒப்புக்கொண்டாள் டெல்பின். "ஆபரேஷன்னு கேட்டதுக்கப்புறம் எனக்கு எதுவும் ஏறல."

"இன்னொன்னும் சொல்லணும்," என்றான் ஜாக்சன். அவன் டெல்பினைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தபடி தலையசைத்தாள். "நாங்க இங்க இருக்கறவங்க இல்ல. ஜெர்மனில இருக்கோம். சில வாரம் முன்னாடி அங்கயும் டெஸ்ட் எடுத்தோம். அதுல சின்ன மேடு இருந்துச்சு. தானா வடியும், மூணு மாசம் பொறுங்கன்னு சொன்னாங்க."

"எப்ப ஊருக்கு வந்தீங்க?"

"உங்ககிட்ட வந்ததுக்கு முதல் நாள்."

"பிளைட்ல கொழந்தைக்குச் சளி இருந்துச்சா?"

"மூக்கு ஒழுகிட்டே இருந்துச்சு," என்றாள் டெல்பின். "எறங்கும்போது காதப் புடிச்சிக்கிட்டு ஒரே அழுகை."

பிரியா பேனாவைக் கீழே வைத்தார். "மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா. அன்னிக்கு நான் பாத்தது காதோட கணக்கு மட்டும் இல்ல, பிளைட்டோட கணக்கும் சேந்தது."

ஜாக்சன் நாற்காலியில் முன்னால் நகர்ந்தான். பிரியாவுக்கும் விளக்குவதில் ஆசை என்று தெரிந்தது. "எண்ணெய் டின்னுல ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவுத்தா எண்ணெய் வருமா?"

"சரியா வராது. காத்து உள்ள போக இன்னொரு ஓட்டை வேணும்."

"அதேதான். நடுக்காது ஒரு குட்டி டின். அதுலேர்ந்து மூக்குக்குப் பின்னால ஒரு மெல்லிசான குழாய் போகுது. நாம முழுங்கும்போது அது தொறந்து காத்த உள்ள விடும். சின்னப் பசங்களுக்கு அது குட்டையா, படுக்கையா இருக்கும். சளி புடிச்சா ஒட்டிக்கும். காத்து போகலன்னா நீர் வடியாது. பிளைட் எறங்கும்போது வெளிய அழுத்தம் ஏறும். உள்ள காத்து போகாததால ஜவ்வ உள்பக்கமா இழுத்துப் புடிச்சிக்கும், நீர் இன்னும் ஊறும். அதனாலதான் கோடு தட்டையாச்சு. அந்த டாக்டர் சொன்னதும் சரி, என் டெஸ்டும் சரி."

"அப்ப குழாய்?"

"வியாழக்கிழமை வேணாம். மூணு மாசம் ஆகியும் வடியலன்னா அப்ப வைக்கலாம், அங்கயோ இங்கயோ. பொறுத்திருக்கறதும் வைத்தியந்தாம்மா."

டெல்பின் லிபியாவை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "தப்புதான் டாக்டர், மறைச்சது. ஆனா சும்மா பாத்துக்கிட்டு மட்டும் இருன்னு சொன்னீங்கன்னா என்னால முடியாது. தெருவுல அவ பின்னாலயே ஓடறேன். நான் செய்யறதுக்கு ஏதாவது குடுங்க."

பிரியா மேசை இழுப்பறையைத் திறந்து, மூக்கில் பொருந்தும் உருண்டை முனையில் மாட்டிய ஒரு பலூனை எடுத்தார்.

சளி விட்டதும் ஆரம்பித்தார்கள். முதல் நாள் லிபியா வாயால் ஊதினாள், சிரித்தாள், பலூனை அறைக்குள் பறக்கவிட்டாள். ஜாக்சன் தன் மூக்கில் ஒன்றை வைத்து ஊதிக் காட்டினான். "கண்காட்சியில டிக்கெட் போடலாம்," என்றாள் பவுலினா. அடுத்த நாள் லிபியா மூக்கால் ஊதினாள். பலூன் மெதுவாக உப்பியது. சட்டென்று காதைப் பொத்திக்கொண்டு, "அப்பா, உள்ள டிக்குன்னுச்சு!" என்றாள்.

ஜெர்மனிக்குத் திரும்புவதற்கு முன் எடுத்த கோட்டில் மறுபடி குன்று எழுந்திருந்தது. முழுக் குன்று இல்லை, ஆனால் ஜெர்மனியில் பார்த்ததைவிட உயரம். அன்று மாலை டெல்பின் சமையலறையில் இருந்தபடியே, சாதாரணக் குரலில், "லிபியா" என்றாள். மேசையில் நேராக உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தவள், "என்னம்மா?" என்று திரும்பினாள்.

டெல்பின் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

"மருந்தே இல்லாமயா?" என்றாள் பவுலினா. "அப்படி என்னதான் செஞ்சீங்க?"

டெல்பின் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "காதுக்குன்னே விக்கற பலூன் அக்கா. ஒரு மூக்குல முனைய வெச்சி, இன்னொரு மூக்க வெரலால அடைச்சி, வாய மூடிக்கிட்டு, பலூன் சாத்துக்குடி அளவு வர்ற வரைக்கும் மூக்காலயே ஊதணும். அப்புறம் அடுத்த மூக்கு. காலைல, மத்தியானம், ராத்திரி. ஊதும்போது அந்தக் குழாய் தொறந்து காத்து உள்ள போகுது. காத்து போனா நீர் வடிஞ்சிடுது."