மதகடி மாப்பிள்ளை

முழுப் பாட்டையும் கேட்டார். அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. நடுவில் நிறுத்தியிருந்தால், சரி, பிடிக்கவில்லை என்று எழுந்து வந்திருப்பேன். நெடுங்காட்டுக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் அம்மன் கோயில் விழாக் கமிட்டித் தலைவர் அவர். நாற்காலியில் சாய்ந்து, தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, இரண்டாவது சரணத்தில் துண்டால் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டு, கடைசி அடி வரைக்கும் கேட்டார். பிறகு, "எந்தப் படம்மா இது?" என்றார். படம் இல்லை, நாங்களே எழுதி நாங்களே மெட்டுப் போட்டது என்று என் அண்ணன் அடைக்கலராஜ் பெருமையாகச் சொன்னான். மனுஷன் முகம் அப்படியே மாறிப்போனது.

"சொந்தப் பாட்டா? அதைக் கேக்குறதுக்கு ஜனம் ஏன் தம்பி கண்ணு முழிக்கணும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் துடைத்த கண் யாருடையது? கேட்டிருப்பேன். அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

அது எண்பத்திரண்டாம் வருஷம். எங்கள் குழுவுக்கு அரசலாறு மெல்லிசைக் குழு என்று பெயர் வைத்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அண்ணன் கிதார். ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த ஜெகபர் சாதிக் தபலா. மளிகைக் கடையில் கணக்கு எழுதிய உத்திராபதி ஆர்மோனியம். பாட்டு எழுதுவதும் பாடுவதும் நான். பகலில் நெடுங்காடு கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் டைப்பிஸ்ட். ஆடு மாடு பவுண்டில் அடைபட்டதிலிருந்து தெருவிளக்கு எரியாதது வரை ஊரின் சகல குறைகளும் என் விரல் வழியாகத்தான் போகும். அந்தப் பாட்டும் அங்கேதான் பிறந்தது. ஒவ்வொரு வருஷமும் மேட்டூர் திறந்ததாக ரேடியோவில் சொல்வார்கள். தண்ணீர் தஞ்சாவூர் ஜில்லா வயலையெல்லாம் நனைத்துவிட்டு, மிச்சம் இருந்தால் எங்களுக்கு வரும். தினமும் யாராவது ஒருவர் ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, "வந்துருச்சாம்மா?" என்று என்னிடம் கேட்பார். தண்ணீரை நான் மேஜைக்கு அடியில் வைத்திருப்பதுபோல.

தண்ணியே தண்ணியே எந்த ஊர்ல தங்குனே
கண்ணியமாக் கேக்குறேன் கடைமடைக்கு எப்ப வருவே

இதுதான் பல்லவி. கீழே மூன்று சரணம். இதுபோல ஒன்பது பாட்டுகள் எங்களிடம் இருந்தன. பாடத்தான் மேடை இல்லை. கல்யாண வீடுகளில் மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் சினிமாப் பாட்டு வருமா என்றார்கள். எங்கள் பங்குக் கோயில் திருவிழாவில் பாட அனுமதி கேட்டதற்கு, மாதா பாட்டென்றால் சரி, தண்ணீர்ப் பாட்டு எதற்கு என்றார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர் வீட்டில், பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாளான ஜூலை பதினாலு விருந்துக்கு வாசிக்கக் கூப்பிட்டார்கள். போனோம். முதல் பாட்டு முடிந்ததும் அவர், நன்றாக இருக்கிறது, இதையே பிரெஞ்சில் பாட முடியுமா என்று கேட்டார். சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. அவர் மனைவி எங்களுக்கு வயிறாரச் சாப்பாடு போட்டாள், அது வேறு விஷயம்.

கச்சேரி கிடைக்க வேண்டுமென்றால் எங்கள் பக்கத்தில் போக வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான், மைக்செட்காரர். கமிட்டிக்காரர்கள் முதலில் பேசுவது மைக்செட்டைத்தான். யாரை வைத்துப் பாடவைக்கலாம் என்று அவரையே கேட்பார்கள். எங்கள் மைக்செட்காரர் இளையபெருமாள் அண்ணன் காரைக்கால்மேட்டிலிருந்து அம்பகரத்தூர் வரைக்கும் ஸ்பீக்கர் குழாய் கட்டாத தென்னைமரம் கிடையாது. எங்கள் பாட்டைக் கேட்டுவிட்டு அவர் மைக் வயரைச் சுருட்டி முடித்தார். பிறகு ரொம்பச் சுலபமாக ஒரு வழி சொன்னார்.

"நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. நம்ம பாட்டுன்னு சொல்லாதீங்க. வரப்போற படத்துப் பாட்டுன்னு சொல்லுங்க. அப்புறம் பாருங்க."

நான் முடியாது என்றேன். பெற்ற பிள்ளையை அடுத்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லிப் பந்தியில் உட்கார வைப்பதா என்று கேட்டேன். ஜெகபர் தலையைக் குனிந்துகொண்டார். உத்திராபதி, ஒரே ஒரு தடவை, ஜனம் பழகிவிட்டால் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றார். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் கிதார் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான். அவன் ஒன்றும் சொல்லவில்லை என்றால் ஒத்துக்கொண்டான் என்று அர்த்தம். படத்துக்குப் பெயரையும் இளையபெருமாள் அண்ணனே வைத்தார், மதகடி மாப்பிள்ளை. கூடவே மூன்றாவது சரணத்தை எடுத்துவிடச் சொன்னார். அதில் ஒரு பெண் சட்டியைத் துழாவிக்கொண்டிருப்பாள். சினிமாவில் கதாநாயகி சட்டியைத் துழாவ மாட்டாளாம்.

காரைக்கால்மேட்டில் முதல் கச்சேரி. வலைகளை ஓரமாக இழுத்துப்போட்டுவிட்டு மணலில் ஊரே உட்கார்ந்திருந்தது. மதகடி மாப்பிள்ளை படத்திலிருந்து என்று இளையபெருமாள் அண்ணன் மைக்கில் சொன்னதும் விசில் பறந்தது. அந்தப் பெயரை அவர்கள் வாழ்நாளில் கேட்டதில்லை. ஆனாலும் விசில். பாடி முடித்ததும் ஒன்ஸ்மோர். மறுபடி பாடினேன். மறுபடியும் ஒன்ஸ்மோர். சந்தோஷமாக இருந்தது என்பதை நான் மறைக்கப் போவதில்லை. அந்தச் சந்தோஷத்தில் எனக்குச் சேர வேண்டியது எவ்வளவு, இல்லாத படத்துக்குப் போனது எவ்வளவு என்ற கேள்விதான் வீட்டுக்கு வரும்வரை அரித்தது.

அதற்குப் பிறகு கச்சேரிக்குப் பஞ்சமே இல்லை. காதுகுத்து, கடைத்திறப்பு, கல்யாணம் என்று கூப்பிட்டார்கள். மேடைக்கு வரும் துண்டுச்சீட்டில் பாதி, மதகடி மாப்பிள்ளை பாட்டு வேண்டும் என்றுதான் இருக்கும். திருமலைராயன்பட்டினத்தில் ஒரு கல்யாணத்தில் மதார் சாகிப் என்ற பெரியவர் அண்ணனிடம் வந்து, படத்தை நாகப்பட்டினத்தில் பார்த்துவிட்டதாகவும் இடைவேளைக்குப் பிறகு கொஞ்சம் இழுவை என்றும் சொன்னார். குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த மாதம் வேறு ஊர்க் குழு ஒன்று பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மேடை போட்டு, அதே பாட்டை அதே படத்தின் பெயரைச் சொல்லிப் பாடியது. ஆபீசிலிருந்து வரும் வழியில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று கேட்டேன். பக்கத்தில் நின்ற காசியம்மா என்ற மீன்காரம்மாவிடம், இது நான் எழுதிய பாட்டு என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கூடையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றி வைத்துக்கொண்டாள்.

உண்மையைச் சொல்லலாம் என்று நான் சொன்ன போதெல்லாம், அடுத்த கச்சேரி ஆகட்டும் என்றார்கள். அந்த அடுத்த கச்சேரி கடைசியில் தானாகவே வந்தது. ஊரில் புதிதாகத் தொடங்கிய இளைஞர் கலா மன்றம் ஒரு சாயங்காலம் போட்டி வைத்தது. சொந்தப் பாட்டுகள் மட்டும். ஜெயிக்கும் குழுவுக்கு அந்த வருஷம் முழுக்க மன்றத்தின் எல்லா விழாவிலும் மேடை. விளம்பரத்தைப் படித்துவிட்டு நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் முதல் தடவையாக, "உன் பேரைச் சொல்லித்தான் பாடுறோம் சலோமி" என்றான். நான் ஆபீசுக்கு லீவு போட்டேன். மூன்றாவது சரணத்தையும் சேர்த்து ஒத்திகை பார்த்தோம்.

மேடையில் வெயில் இன்னும் இறங்கவில்லை. இயற்றியவர் சலோமி, இசை அடைக்கலராஜ் என்று உத்திராபதி மைக்கில் சொன்னார். நான் பல்லவியை எடுத்தேன். இரண்டாவது வரி என் வாயிலிருந்து வருவதற்குள் கூட்டமே அதைப் பாடிவிட்டது. மன்றச் செயலாளர் பூமிநாதன் மேடையில் ஏறிக் கையைக் காட்டி நிறுத்தினார். நல்ல மனிதர்தான், மரியாதையாகத்தான் பேசினார். போட்டி சொந்தப் பாட்டுக்கு, சினிமாப் பாட்டுக்கு அல்ல என்றார்.

"இது எங்க பாட்டுங்க."

"மதகடி மாப்பிள்ளைங்க. என் பொண்ணு அஞ்சு வயசு, அதுகூடப் பாடுது."

அப்படி ஒரு படமே இல்லை என்றேன். கூட்டம் சிரித்தது. முன்வரிசையில் ஒருவர் எழுந்து, படத்தைப் பார்த்தவர்களே ஊரில் இருக்கிறார்கள், இந்தப் பொண்ணு திருடிய பாட்டுக்குத் தன் பெயரை வைத்துக்கொள்கிறது என்றார். திருடி! என் பாட்டை நான் திருடிவிட்டேன். மேடைக்குக் கீழே ஆம்ப்ளிபயருக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தேன்.

"இளையபெருமாள் அண்ணே, நீங்க சொல்லுங்க."

அவர் நிமிரவில்லை. சொன்னால், இத்தனை கமிட்டிக்கும் அவர் சொன்னது பொய் என்றாகிவிடும். அடுத்த விழாவுக்கு அவர் குழாயை யார் கட்டவிடுவார்கள்? அது எனக்கும் தெரிந்துதான் இருந்தது. தெரிந்ததால் கோபம் குறைந்துவிடவில்லை.

பூமிநாதன் சமாதானமாக ஒன்று கேட்டார். உங்கள் பாட்டு என்றால், படத்தில் வராத ஒரு சரணம் இருந்தால் பாடிக் காட்டுங்கள் என்றார். அண்ணன் என்னைப் பார்த்தான். ஜெகபர் தபலாவில் கையை வைத்தார். நான் பாடினேன்.

சட்டியில மிச்சம் பாத்துச் சாப்பிடுற ஆளு நான்
எட்டு ஊரு குடிச்ச மிச்சம் எனக்குன்னு வந்தியா

கூட்டம் அடங்கியது. யாருக்கும் கூடப் பாடத் தெரியவில்லை. பெண்கள் பக்கத்தில் ஒருத்தி மடியிலிருந்த குழந்தையைத் தட்டிக்கொடுப்பதை நிறுத்திவிட்டாள். நான் பாடி முடித்தேன். பூமிநாதன் வாயைத் திறந்தார். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல், கிண்டல்கூட இல்லை, உண்மையான வருத்தத்தோடு வந்தது.

"நல்ல சரணம். படத்துல வெட்டிட்டாங்க போல."

ஆமாம் ஆமாம் என்று நாலைந்து தலைகள் ஆடின. பூமிநாதன்கூட யோசனையோடு தலையாட்டினார். நேரம் முடிந்தது என்று மணியடிக்கும் பையன் மணியை எடுத்தான். உத்திராபதி ஆர்மோனியத்தை மூடப் போனார். மூடாதீங்க என்றேன். மைக்கைத் தாங்கியிலிருந்து கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மேடையின் விளிம்புக்கு வந்து, சட்டியில மிச்சம் பாத்து என்று மறுபடி முதலிலிருந்து பிடித்தேன். மணி அடித்தது. நான் நிறுத்தவில்லை. கீழே இளையபெருமாள் அண்ணன் தலையைத் தூக்கி முதல் தடவையாக என்னைப் பார்த்தார். அவர் கை ஆம்ப்ளிபயரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை நோக்கி மெதுவாகப் போனது.