பாராபாட்டில் பார்க்க வேண்டியவை

லோகேந்திரன் எந்த ஊருக்குப் போவதானாலும் முதலில் அதைக் காகிதத்தில் படித்து முடித்துவிடுவார். போய்ப் பார்க்கும்போது ஊர் காகிதத்தில் உள்ளபடி இருந்தால் ஒரு டிக் போடுவார். இல்லாவிட்டால் குற்றம் ஊர்மேல்தான். மலேசியாவின் அலோர் ஸ்டாரில் அரசாங்க இலாகா ஒன்றில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தார் என்பதைக் கேட்டவர்களுக்கும் சொல்லுவார், கேட்காதவர்களுக்கும் சொல்லுவார். அந்த ஊர் மெர்கோங் பகுதியில் அவர் வீட்டுத் தெருவில் அது தெரியாதவர்கள் பூனைகள் மட்டும்தான்.

அவர் பாராபாட்டுக்குப் போன கதை இது. சுமத்ராவில் தோபா ஏரிக்கரையில் இருக்கிற பழைய துறைமுகப் பட்டணம். பினாங்கிலிருந்து மேடானுக்கு விமானம், அங்கிருந்து வேன். அங்கே பார்க்க வேண்டியவை, செய்ய வேண்டியவை என்று பதினோரு இனங்களை இணையத்திலிருந்து அச்செடுத்து, பிளாஸ்டிக் கோப்பில் போட்டு, பச்சை மைப் பேனா ஒன்றையும் செருகிக்கொண்டார்.

ஏரி பார்க்கவா போனார்? ஆள் பார்க்கப் போனார். கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் இன்ஜினியராக இருக்கிற ஒரே மகள் சிவானி, கூட வேலை பார்க்கும் சுகுமாரனைக் கட்டிக்கொள்வேன் என்று சொல்லி ஆறு மாதம் ஆகியிருந்தது. பையனைப் பற்றி லோகேந்திரனால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. படிப்பு, சம்பளம், பழக்கம் எல்லாம் சரி. பையனின் அப்பாதான் தொண்டையில் முள்ளாகச் சிக்கினார். குழந்தைவேலு பாடாங் செராய் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, முப்பது வருடமாக எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். ஸ்டேஷன் மாஸ்டரின் பேரன் லோரிக்காரனுக்குச் சம்பந்தியா?

ஆறு மாதம் வீட்டில் கதவுகள் அடித்துச் சாத்தப்பட்ட பிறகு, சிவானியே ஒரு முடிவுக்கு வந்தாள்.

“அவங்களோட மூணு நாள் ஒரு டிரிப் வாங்க அப்பா. திரும்பி வந்து நீங்களே அவங்க வீட்டுக்குப் போய் உங்க முடிவ சொல்லுங்க. வேணாம்னா, அதுக்கப்புறம் நான் அந்தப் பேச்சே எடுக்கமாட்டேன்.”

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. காரணமில்லாமல் வேண்டாம் என்றால்தானே மகள் அழுவாள்? மூன்று நாள் கிடைத்தால் காரணங்களை எண்போட்டு எழுதிவிடலாம்.

விமான நிலையத்திலேயே, எண் போடத் தொடங்கும் முன்பே, ஒரு காரணம் நடந்து வந்தது. குழந்தைவேலுவும் அவர் மனைவி தனபாக்கியமும் கிளிப்பச்சை நிறத்தில் ஒரே மாதிரி டீசட்டை போட்டிருந்தார்கள். ‘தோபா ஃபேமிலி டிரிப்’ என்று நெஞ்சில் கொட்டை எழுத்து. ஆறு பேருக்கும் அடித்துக் கொண்டுவந்திருந்தார். முதுகில் அவரவர் பெயர். லோகேந்திரனின் முழுப் பெயரை எப்படி எழுதுவது என்று தெரியாமல் வெறுமே ‘சார்’ என்று அடித்திருந்தார். அதை இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினார். லோகேந்திரன் இரண்டு விரலால் வாங்கிப் பையின் அடியில் போட்டார். அவர் மனைவி செல்வநாயகியோ, வெட்கமில்லாமல், பஞ்சாபி சூட்டுக்கு மேலேயே மாட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறதா என்று வேறு கேட்டாள். தனபாக்கியத்தின் கையில் ராஃபியா பிளாஸ்டிக் கயிறு கட்டிய பெட்டி ஒன்று. உள்ளே சோறாக்கும் சட்டி, அரிசி, நெத்திலி சம்பல். கடல் கடந்து போய் நெத்திலி சம்பல் தின்கிற ஜாதி என்று லோகேந்திரன் மனத்துக்குள் எழுதிக்கொண்டார்.

பட்டியலில் முதல் இனம், பழைய துறைமுகம். நூற்றாண்டுகளின் வாணிகத்தை அங்கே உணரலாம் என்று காகிதம் சொன்னது. போய்ப் பார்த்தால் டீசல் நாற்றமும், வெங்காய மூட்டையும், கூடையில் கட்டிப்போட்ட கோழிகளும். ‘வரலாறு காணப்படவில்லை’ என்று பச்சை மையில் எழுதி ஒரு குறுக்குக்கோடு போட்டார். குழந்தைவேலுவை அங்கிருந்து கிளப்பத்தான் பெரும் பாடாகிவிட்டது. ஃபெரிக்குள் லோரிகள் பின்பக்கமாக ஏறுவதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றார். முட்டைக்கோஸ் லோரி ஒன்றின் சக்கரம் பலகையை விட்டு நழுவப் பார்த்தபோது ஓடிப்போய், கையை ஆட்டி, “குஸ்தான், குஸ்தான்” என்று நம்மூர் வார்த்தையில் கத்திப் பின்னால் வரவைத்தார். அந்த ஊர் டிரைவர்கள் சிரித்துக்கொண்டே அவருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார்கள். அரை மணி நேரத்தில் அவர்களுடைய பிள்ளை குட்டி விவரம் முழுக்க அவரிடம் வந்து சேர்ந்தது. லோரி பார்க்கத் தோபாவுக்கு வந்த ஒரே மனிதன் இவன்தான் என்று லோகேந்திரனுக்குத் தோன்றியது. காரணம் ஒன்று, ரசனை இல்லை.

இரண்டாவது இனம், டச்சுக்காரர்கள் இந்தோனேசியத் தலைவரை அடைத்துவைத்திருந்த ஏரிக்கரை வீடு. லோகேந்திரன் வாசலிலேயே நின்று நாற்பது நிமிடம் காலனி வரலாறு சொன்னார். முடிந்ததும், ஜெயில் இவ்வளவு காற்றோட்டமாகவா இருக்கும் என்று மட்டும் குழந்தைவேலு கேட்டார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை. காரணம் இரண்டு.

மறுநாள் படகேறி ஏரி நடுவிலிருக்கும் தீவுக்குப் போனார்கள். மத்தியானம் கடையில் சாப்பிடலாம் என்றால், தனபாக்கியம் விடியற்காலையே எழுந்து புளிச்சாதம் கட்டியிருந்தாள். சாருக்குக் காரம் ஆகாது என்று செல்வநாயகி சொன்னதால் அவருக்கு மட்டும் தனியாக ஒரு டப்பா. லோகேந்திரன் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, ‘கடையில் உட்கார்ந்து உண்ணும் பழக்கம் இல்லாதவர்கள்’ என்று மூன்றாவது காரணத்தை எழுதினார். தின்ற வாய் நன்றி சொல்லவேண்டும் என்று எந்த இலாகா விதியிலும் இல்லையே.

ஏழாவது இனம், கல் நாற்காலிகள். அந்தத் தீவில் அந்தக் காலத்துப் பாத்தாக் பழங்குடி அரசர்கள் மரத்தடியில் கல்லில் உட்கார்ந்து வழக்கு விசாரித்து, தலையை வெட்டச் சொல்லுவார்களாம். வருகிறவர்களையே அரசனாகவும் கைதியாகவும் வைத்து நடித்துக் காட்டுவது அங்கே வழக்கம். வழிகாட்டி யார் அரசன் என்று கேட்டு முடிப்பதற்குள் லோகேந்திரன் நடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கைதி யார் என்றபோது குழந்தைவேலுவைக் கைகாட்டினார். அவர் சந்தோஷமாகத்தான் போனார். கண்ணைத் துணியால் கட்டி, கையைப் பின்னால் மடக்கி, கல்லின்மேல் குப்புறச் சாய்த்தார்கள். சுகுமாரன் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். சுற்றி வேறு ஊர்க்காரர்கள் இருபது பேர் நின்றார்கள்.

அரசரே, இவன் செய்த குற்றம் என்ன என்று வழிகாட்டி கேட்டார்.

லோகேந்திரன் எல்லோருக்கும் புரியட்டும் என்று நல்ல அலுவலக மலாயில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார். தன் தகுதி தெரியாமல் பெரிய இடத்தில் பெண் கேட்டான். அதுதான் குற்றம்.

கூட்டம் விளையாட்டு என்று நினைத்துக் கை தட்டியது. சிவானி சிரித்துவிட்டாள். பொங்கி வந்த சிரிப்பு, கையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. லோகேந்திரனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ஆயிரம் சொன்னாலும் என் ரத்தம் அல்லவா? சுகுமாரன் கைப்பேசியை இறக்கிப் பைக்குள் வைத்தான். குழந்தைவேலு எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டே, தலை இன்னும் இருக்கிறதா பார் என்று மனைவியிடம் கேட்டார். அவள் குனிந்து அவர் சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

திரும்பும் படகில் செல்வநாயகி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “நீங்கள் செய்தது சரியில்லை. அந்த மனுசன் உங்களுக்கு என்ன குறை வச்சது?” என்றாள். விளையாட்டு தெரியாத பேச்சு என்று லோகேந்திரன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து சுகுமாரன் வேன் டிரைவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். பையனுக்கே தன் இடம் புரிந்துவிட்டது, வேலை சுலபம் என்று லோகேந்திரன் கணக்குப் போட்டார். பதினோரு இனத்தில் நாலுக்கு டிக், ஏழுக்குக் குறுக்குக்கோடு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, இஸ்திரி போட்ட சட்டையில், தனியாகக் காரோட்டிப் பாடாங் செராய் போனார். வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். பண்பாகத்தான் சொல்லப்போகிறார். உங்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் இரண்டு குடும்பத்தின் பழக்கவழக்கமும் ஒத்துவராது. பெரிய மனிதன் வேண்டாம் என்று சொல்வதிலும் ஓர் அழகு இருக்கவேண்டும்.

தாமான் என்கிற குடியிருப்பில் மாடி இல்லாத ஒரு வரிசை வீடு. வாசலில் லோரி. தனபாக்கியம் தேத்தண்ணி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சுகுமாரன் கண்ணில் படவில்லை. லோகேந்திரன் தொண்டையைச் செருமினார். குழந்தைவேலு முந்திக்கொண்டார்.

“நீங்க பேசறதுக்கு முன்னால நான் ஒண்ணு சொல்லிடறேன் சார், தப்பா எடுத்துக்காதீங்க. இது சரிப்பட்டு வராது. பையன் வேணாங்கறான்.”

கேட்கத் தவம் கிடந்த வார்த்தை. ஆனாலும் லோகேந்திரனுக்கு யாரோ நடுத்தெருவில் கன்னத்தில் அறைந்ததுபோல முகம் சூடாயிற்று. வேண்டாம் என்று சொல்ல இவர்கள் யார்? என்ன காரணம் என்று, விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதுகிற குரலில் கேட்டார். கல் நாற்காலி விஷயமாகத்தான் இருக்கும், அது தமாஷ் என்று சொல்லிவிடலாம் என்று தயாரானார்.

“நீங்க சொன்னது ஒண்ணும் இல்ல சார். தோட்டத்துல கிராணி, தண்டல்னு மேல உள்ளவங்க எல்லாம் ஏசறதக் கேட்டு வளந்தவன் நான். அத அந்த ஏரியிலேயே போட்டுட்டு வந்துட்டேன். ஆனா உங்க பாப்பா சிரிச்சிருச்சு. பையன் அதப் பாத்துட்டான். சின்னப் புள்ள, வாய் தவறி வந்த சிரிப்பு லா, விட்டுடுடான்னு நானும் எவ்வளவோ சொல்லிட்டேன். நாளைக்கு அம்மா சோறு போடறப்பவும் அது சிரிக்கும்பான்னு சொல்றான். நான் என்ன பண்றது?”

லோகேந்திரன் கோப்பையைத் தூக்கினார், குடிக்காமல் கீழே வைத்தார்.

“ஒரு ஒதவி சார்,” என்றார் குழந்தைவேலு. “பையன் சொன்னான்னு பாப்பாகிட்ட சொல்லாதீங்க. நீங்க வேணாம்னுட்டதா சொல்லிடுங்க. அவனும் அப்படியே சொல்லிக்குவான். அப்பா மேல வர்ற கோவம் நாளாக ஆறிடும். தன் சிரிப்பாலதான் போச்சுன்னு தெரிஞ்சா அது ஆறாது சார்.”

லோரிக்காரன் தன்னிடம் கெஞ்சுகிறான் என்று நினைத்துக்கொள்ள முயன்றார். முடியவில்லை. அவன் கெஞ்சியது லோகேந்திரனின் மகளுக்காக. தான் பெற்ற மகளுக்காக அப்படி யாரிடமும் தான் கெஞ்சியதில்லை என்பது அவருக்கு அந்த நாற்காலியிலேயே தெரிந்துபோயிற்று. தலையை ஆட்டிவிட்டு எழுந்தார். வாசல் வரை வந்து, காரைப் பின்னால் எடுக்கக் குழந்தைவேலுதான் கைகாட்டினார்.

மெர்கோங் வந்து சேர்ந்தபோது சிவானி வாசல் கேட் அருகில் நின்றிருந்தாள். அழுத முகம். என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள்.

“வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்,” என்றார்.

அவள் கத்தவில்லை. அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“தெரியும். உங்களுக்கு வேற என்ன சொல்ல வரும்? அவங்க உங்களுக்குத் தனி டப்பால சோறு கட்டினாங்க அப்பா. அந்த மூணு நாளும் உங்கள அப்பான்னு சொல்லிக்க எனக்கு எவ்வளவு அசிங்கமா இருந்துச்சு தெரியுமா? ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, நான் அவங்கள கேவலமா நெனச்சிருப்பேனா?”

லோகேந்திரனுக்கு அதற்குப் பதில் தெரியும். தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு நின்றது அவர் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.