நான்காம் பலகை

ஏலம் என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பாறசாலைப் பக்கம் இருக்கிற எங்கள் சபையில் பதினெட்டு வருஷமாக அறுப்புப் பண்டிகை ஏலத்தைக் கூப்பிடுகிறவன் நான், ராஜையன். வாழைக்குலை, சேவல், ஒற்றைத் தேங்காய் என்று ஜனங்கள் காணிக்கையாகக் கொண்டுவருவதையெல்லாம் ஆலய முற்றத்தில் நின்று விற்றுக் கொடுப்பேன். ஒரு தேங்காயை ஐயாயிரம் ரூபாய் வரைக்கும் ஏற்றியிருக்கிறேன். மைக்கெல்லாம் கிடையாது, தொண்டைதான்.

அப்படிப்பட்ட என்னைக் கோவளத்தில் ஒரு பெரிய ஹோட்டலின் குளுகுளு ஹாலில் உட்காரவைத்து, வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள் ஷிஜா. ஏலக் கம்பெனியின் திருவனந்தபுரத்து ஆள் அவள். என் மகள் வயதுதான் இருக்கும்.

"ராஜையன் சேட்டா, விக்கிற ஆள் ஒண்ணும் பறையக் கூடாது, கேட்டோ? சும்மா இருந்தா மதி."

"நான் என்ன சின்னப் பிள்ளையா மோளே?" என்றேன். பக்கத்திலிருந்த ரத்னாபாய் சிரித்தாள்.

ரத்னாபாய் என் மனைவி. திருவனந்தபுரத்தில் சாலை பஜாரின் ஒரு சந்தில் இருபத்திரண்டு வருஷமாக நாங்கள் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் விற்கிறோம். சமையல் அவள், சத்தம் நான். பழைய கடை என்பதால் கதவு நிரைப்பலகை. மொத்தம் ஏழு பலகை. ஒவ்வொன்றிலும் எண் இருக்கும். வரிசைப்படி சொருகினால் கடை அடைத்தாயிற்று, உருவிச் சுவரில் சாய்த்தால் திறந்தாயிற்று. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் கடை திறக்கப் போனால், ஏழு பலகைகளையும் சேர்த்து யாரோ ஒரு படம் வரைந்திருந்தார்கள். ஒரு சுமட்டுக்காரர், தலையில் சும்மாடு, அதன்மேல் ஒரு முழு பஸ். பஸ் நிறைய ஆட்கள். சுமக்கிறவர் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். ஏழாம் பலகையின் கீழ்மூலையில் ஒரு குட்டி எறும்பு.

எவனோ கொழுப்பெடுத்தவன் செய்த வேலை என்று நான் மண்ணெண்ணெயும் துணியுமாகத் துடைக்கப் போனேன். ரத்னாதான் விடவில்லை.

எறும்பு என்பது ஒரு தெரு ஓவியரின் பெயர் என்று ஒன்றரை வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. ஆணா பெண்ணா, எந்த ஊர், ஒருவருக்கும் தெரியாது. போன வருஷம் மும்பையில் அவர் படம் வரைந்த தையல்கடை வெட்டுமேசை ஒன்று இரண்டு கோடியே பத்து லட்சத்துக்குப் போயிருக்கிறது. அதைப் பேப்பரில் படித்தபோது எனக்கு டீ புரையேறிவிட்டது. கொஞ்ச நாளில் கம்பெனிக்காரர்களே கடை தேடி வந்தார்கள். எறும்பு அவர்களுக்கு எழுதி அனுப்பிய பட்டியலில் எங்கள் கடையும் இருந்ததாம்.

வந்த நேரமும் அப்படி. கடை ரூமின் சொந்தக்காரர் வலியசாலை தாணுமாலையன் அதை விற்கப்போவதாகச் சொல்லியிருந்தார். மாதக் கடைசிக்குள் நாற்பது லட்சம் கொடுத்தால் எங்களுக்கு. இல்லாவிட்டால் பக்கத்துப் பாத்திரக்கடைக்காரருக்கு. சுவர் சொந்தக்காரருடையது, பலகை வாடகைக்காரருடையது என்பது எங்கள் வரிசையின் வழக்கம். அதை அந்த நல்ல மனுஷர் கம்பெனிக்கு எழுதியும் கொடுத்துவிட்டார். கம்பெனியின் கமிஷன் போக நாற்பது கைக்கு வர வேண்டுமென்றால் ஏலம் ஐம்பதில் முடிய வேண்டும். ஐம்பது வந்தால் கடை எங்களுக்கு. வராவிட்டால் ஐம்பத்தாறு வயதில் நானும் அவளும் சட்டிபானையோடு தெருவில்.

இதில் ஒரு வில்லங்கம் இருந்தது. அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். நான்காம் பலகை எறும்பு வரைந்தது இல்லை.

படம் வந்த பத்தாம் நாள். மழையில் ஊறிப்போய் நான்காம் பலகை இறுகிவிட்டது. உருவ வரவில்லை. எனக்குக் கோபம் வந்தால் முன்பின் பார்க்கிறவன் இல்லை. சுத்தியலை எடுத்து ஒரே போடு. பலகை நெடுக்கப் பிளந்து, அடுத்த அடியில் சிராய் சிராயாகப் போனது. பழைய மரம் விற்கிற யூசுப்பிடம் அதே ஆஞ்சிலி மரத்தில், அதே அகலத்தில் ஒரு பலகை வாங்கிவந்தேன். இரண்டு நாள் கடையை அடைத்துப்போட்டு, போனில் இருந்த ஒரு மங்கலான போட்டோவைப் பார்த்து, ரத்னா எனாமல் பெயிண்டில் விட்ட இடத்தை வரைந்து முடித்தாள். அவளுக்கு வரையத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். விட்ட இடம் சும்மா இடமா? சுமட்டுக்காரரின் முகம் நான்காம் பலகையில்தான் இருந்தது.

மும்பையிலிருந்து வந்த நிபுணர் பூதக்கண்ணாடி வைத்து ஏழு பலகைகளையும் முகர்ந்து பார்க்காத குறைதான். நான்காம் பலகைக்கு முன்னால் வந்து நின்றவர் நகரவே இல்லை. எறும்பு வரைந்த முகங்களிலேயே உயிருள்ள முகம் இதுதான் என்றார். ஏலப் புத்தகத்தில் அந்த முகத்துக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம் கொடுத்தார்கள். ரத்னா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"சொல்லிப்போடுங்க."

"அவரு கேக்கட்டும், சொல்லுகேன்" என்றேன். அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நாற்பது லட்சம் என் வாயை அடைத்திருந்தது.

ஹாலில் முதலில் எறும்பின் மற்ற இரண்டு படங்கள் விலைபோயின. ஒரு ஆட்டோவின் பின்திரை எழுபது லட்சம். பூந்துறையிலிருந்து வந்த படகுப் பலகை ஒரு கோடியே பத்து. ஏலம் விட்ட மும்பை அம்மாள் ஒரு சத்தம் போட வேண்டுமே! புருவத்தைத் தூக்கினார், ஐந்து லட்சம் ஏறியது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

அடுத்து எங்கள் கதவு. ஏழு பலகைகளையும் ஒரு சட்டத்தில் நிறுத்தி விளக்குப் போட்டிருந்தார்கள். தினமும் நான் உருவிப் போடுகிற பலகையா இது என்று வாயைப் பிளந்தேன்.

இருபதில் ஆரம்பித்தது. முன்வரிசையில் வேட்டி கட்டிய ஒரு கொச்சிக்காரர் கையைத் தூக்கினார். பெங்களூரிலிருந்து வந்த இளம் ஜோடி ஒன்று விடாமல் மேலே போனது. சுவரோரமாகப் போனும் காதுமாக இருந்த ஒரு பெண் யாருக்காகவோ கேட்டுக்கொண்டிருந்தாள். முப்பது. முப்பத்தெட்டு. நாற்பத்தைந்து. பெங்களூர் ஜோடி நின்றுவிட்டது. நாற்பத்தெட்டு. ஐம்பது!

"ரத்னா, ரூம் நமக்கு!" என்று அவள் கையைப் பிடித்து நசுக்கினேன். அவள் நான்காம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து. அறுபது. போன்காரப் பெண்ணிடமிருந்து அறுபத்திரண்டு. கொச்சிக்காரர் போதும் என்று தலையை ஆட்டிவிட்டார். மும்பை அம்மாள் இங்கிலீஷில் முதல் தரம் சொன்னார். இரண்டாம் தரம் சொன்னார்.

எங்கள் சபை ஏலத்தில் ஒரு முறை உண்டு. மூன்றாம் தரத்துக்கு முன்னால் பொருளின் குறையைச் சொல்லியாக வேண்டும். சேவலுக்கு ஒரு கண் தெரியாதென்றால் தெரியாது என்று சொல்லித்தான் விற்க வேண்டும். மூன்றாம் தரம் சொன்னபிறகு சொன்னால் அது களவு. பதினெட்டு வருஷமாக இரண்டாம் தரம் காதில் விழுந்ததும் என் வாய் தானாகத் திறந்து பழகிவிட்டது. நல்ல மனசினால் செய்தேன் என்று பெருமை பேச மாட்டேன். மூளை வேண்டாம் வேண்டாம் என்று கத்தியது. கால் எழுந்துவிட்டது.

"நிறுத்துங்க! நாலாம் பலகை எறும்பு வரச்சதில்ல! அது எனக்க பெண்டாட்டி வரச்சது!"

மைக் இல்லாத தொண்டை. ஹால் முழுக்கத் திரும்பியது. ஷிஜா ஓடிவந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"எந்தா சேட்டா இது? இரிக்கு! தமாஷா?"

"தமாஷு இல்ல மோளே. நான்தான் ஒடச்சேன். இவதான் வரச்சா."

போன்காரப் பெண் ஏதோ கிசுகிசுத்துவிட்டுப் போனைக் கீழே வைத்தாள். அறுபத்திரண்டு லட்சம் அந்தக் கையோடு போயிற்று. மும்பை அம்மாளும் நிபுணரும் மேடைக்குப் பின்னால் போனார்கள். நிபுணர் என்னைப் பார்த்த பார்வையில் மரச்சீனி வெந்திருக்கும். என்ன காரியம் செய்துவிட்டேன்! ரத்னாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து தரையையே பார்த்தேன். அவள் என் தோளில் ஒரு தட்டு தட்டினாள்.

"போகட்டு. இனி ஒறக்கம் வரும்" என்றாள்.

பத்து நிமிஷம் கழித்து மும்பை அம்மாள் திரும்பி வந்து அறிவித்தார். ஆறு பலகை எறும்பு, ஒரு பலகை ரத்னாபாய். உள்ளதை உள்ளபடி சொல்லி மறுபடியும் ஏலம். விருப்பமுள்ளவர்கள் மேடைக்கு வந்து பார்க்கலாம். கொச்சிக்காரர்தான் முதலில் எழுந்து போனார். நான்காம் பலகைக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். பிறகு ரத்னாவைக் கைகாட்டிக் கூப்பிட்டார். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போக, நானும் பின்னாலேயே போனேன்.

"சேச்சி, ஈ முகம் ஆருடெயா? எறும்பு வரச்ச மத்த முகத்திலொண்ணும் இந்தச் சிரி இல்லல்லோ."

ரத்னா என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"போட்டோவில மொகம் தெளியல்ல சார். பின்ன நான் ஆருக்க மொகத்தப் பாத்து வரைய? இவியளுக்க மொகந்தான். சபையில ஏலம் கூப்பிடும்ப இப்பிடித்தான் சிரிப்பாவ. வேற ஆரயும் எனக்கு மனசில வச்சு வரையத் தெரியாது."

நான் பலகையைப் பார்த்தேன். மூன்று வருஷம் தினம் இரண்டு வேளை என் கையால் தூக்கிய பலகை. மேல்வரிசையில் கொஞ்சம் உள்ளே தள்ளிய பல், ஏறிய இடது புருவம், எல்லாம் நான். ஒரு முழு பஸ்ஸைத் தலையில் வைத்துக்கொண்டு இளித்துக்கொண்டு நிற்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. கண் நிறைந்துவிட்டது, சொல்வதற்கு என்ன. கொச்சிக்காரர் என்னையும் பலகையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். பெங்களூர் ஜோடி பின்னாலிருந்து எட்டிப் பார்த்து போனில் படம் எடுத்தது.

மறுபடியும் இருபது. இந்தத் தடவை நிதானமாக ஏறியது. இருபத்தைந்து. முப்பது. முப்பத்தாறு. கொச்சிக்காரரும் பெங்களூர் ஜோடியும் மட்டும்தான். நாற்பத்திரண்டு. நாற்பத்து நான்கு, கொச்சிக்காரர். அங்கே வண்டி நின்றுவிட்டது. பெங்களூர்ப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். இன்னும் ஆறு லட்சம் வேண்டும். நான் முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். முதல் தரம் விழுந்தது.

அப்போது அந்தப் பெண்ணே எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். ஷிஜா அதை எங்களிடம் வந்து சொன்னாள்.

"எறும்பின்றெ எறும்பு ஏழாம் பலகையில் உண்டு. நாலில் சேச்சி ஒரு ஒப்பு இடுமோன்னு கேக்கறாங்க."

பலகை இன்னும் எங்களுடையதுதானே. மும்பை அம்மாள் தலையசைத்தார். ஷிஜா ஒரு மார்க்கரைக் கொண்டுவந்தாள். ரேஷன் கடையையும் பாங்கையும் தவிர வேறெங்கும் கையெழுத்துப் போடாதவள் மேடையில் முழங்காலிட்டு உட்கார்ந்து, சுமட்டுக்காரரின் கழுத்துக்குக் கீழே தமிழில் நிறுத்தி எழுதினாள்: ரத்னாபாய். ஒரு துணைக்கால் கோணிப்போயிற்று. எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

நாற்பத்தாறு என்றாள் பெங்களூர்ப் பெண், புருஷனைக் கேட்காமலேயே. கொச்சிக்காரர் நாற்பத்தெட்டு. அவள் நாற்பத்தொன்பது. கொச்சிக்காரர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஐம்பது என்றார். அவள் ஐம்பத்திரண்டு. ஐம்பத்து மூன்று, கொச்சிக்காரர்! அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். முதல் தரம். இரண்டாம் தரம். மும்பை அம்மாள் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு நேராக என்னைப் பார்த்தார். இன்னும் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அர்த்தம். ஹாலே சிரித்தது.

"மூணு தரம்!" என்று கத்தினேன். சுத்தியல் என் சத்தத்துக்குப் பிறகுதான் விழுந்தது.

ரத்னா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "ரூம் நமக்கா?"

"நமக்குத்தான்."

அவள் அழுதாள். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஒம்பது லெச்சத்த வாயாலயே தொலச்சியளே" என்றாள்.

நான் அங்கேயே தாணுமாலையனுக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கும் குரல் துள்ளியது.

"பேஷ்! பத்திரம் எழுதச் சொல்லிடறேன். ஆர் பேர்ல எழுதணும் ஓய்? உம்ம பேர்லதானே?"

மேடையில் இரண்டு பேர் நான்காம் பலகையைத் துணியால் சுற்றிக்கொண்டிருந்தார்கள். என் முகம் மூடியாயிற்று. எழுத்து மட்டும் வெளியே தெரிந்தது.

"இல்ல சாமி," என்றேன். "ரத்னாபாய்னு எழுதுங்க."