கோட்டோரம் நின்ற பச்சை ஜேர்சி

புத்தளம் உப்பளத்தை அடுத்த அந்த ஊரின் உதைபந்தாட்டக் கழகத்துக்கு நூஹுதான் செயலாளர். வாய்ப்பந்தல் போடுகிறவர் என்று பெயரெடுத்தவர். ஆனால் இந்த முறை சொன்னதைச் செய்துவிட்டார். ஆட்டக்காரர் போடும் அதே பச்சை ஜேர்சியை, முதுகில் இலக்கம் முதற்கொண்டு, ஊர்க்காரருக்கும் விற்றார். அந்தக் காசில்தான் பொடியன்மாருக்குச் சப்பாத்து வந்தது, வெளியூர் ஆட்டங்களுக்கு வேன் ஓடியது. முன்பு நாலு பேர் கைதட்டிய மைதானத்தில் இப்போது ஊரே திரண்டது. அது போட்ட கூச்சலில் வருகிற அணிகளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இன்று கடைசி ஆட்டம். வென்றால் மேல் பிரிவு; சமநிலை என்றால்கூடப் போச்சு. மைதானத்துக்கு வேலி கிடையாது, சுண்ணாம்புக் கோடு மட்டும்தான். ஆளுக்கொரு கோல் என்றிருந்தபோது ஊர் அணியின் ஸப்ரான் பந்தோடு ஓரமாகப் பறந்தான். இரண்டு பேர் மறித்தார்கள். பக்கத்தில் ஒரு பச்சை ஜேர்சி தனியாக நிற்பது ஓரக்கண்ணில் பட, அழகாகத் தட்டிக் கொடுத்தான். பந்து வந்து நின்றது கோட்டுக்கு வெளியே நின்ற நூஹுவின் காலடியில்.

எதிரணி முதலில் சிரித்தது, பிறகு சண்டைக்கு வந்தது. மத்தியஸ்தர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: வெளியே நிற்பவர்கள் ஜேர்சியைக் கழற்றினால்தான் ஆட்டம். இல்லாவிட்டால் வெற்றி வந்தவர்களுக்கு.

"இது சட்டையில்ல, நம்மட தோல்" என்று சொல்லிச் சொல்லி விற்றவர் நூஹு. அதைப் பெருநாளுக்கே போட்டவர்களும் உண்டு. எந்த முகத்தோடு கழற்றச் சொல்வது? தன் தொந்தியை யாருக்கும் காட்டாத மனிதர், வெட்கத்தை விட்டு முதலில் தன்னுடையதைக் கழற்றினார்.

"எல்லாரும் கழட்டுங்க மச்சான்மாரே. பொடியன்மார் மட்டும் பச்சையாத் தெரியட்டும்."

"உங்கட வயித்தப் பாத்தா அவனுகளே ஓடிருவானுகள், நூஹு நானா," என்றான் மீன் வியாபாரி ஃபைஸல். சொல்லிக்கொண்டே அவனும் கழற்றினான். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் கழற்ற, ஜேர்சிகள் வேப்பமரத்தடியில் குவிந்தன.

ஆட்டம் மறுபடி தொடங்கிப் பந்து காலுக்கு வந்ததும் ஸப்ரான் நிமிர்ந்து பார்த்தான். இப்போது பச்சையெல்லாம் அவன் ஆட்கள்தான். கோலுக்கு முன்னால் நின்ற அஸ்மிக்கு உயர்த்தி அடித்தான். அஸ்மி தலையால் முட்டி உள்ளே தள்ளினான். வெற்றுடம்போடு நின்ற நூஹு தேம்பித் தேம்பி அழுதார்.

விசில் ஊதியதும் ஆளுக்கொன்றைக் குவியலில் உருவிக்கொண்டு வீடு திரும்பினார்கள். அந்தச் சந்தோஷத்தில் இலக்கம் பார்க்க யாருக்கு நேரம்?

வாசலில் மனைவி கைருன்னிஸா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வயித்த இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. இது ஆர்ட ஜேர்சி?"

நூஹு குனிந்து பார்த்தார்.

"ஆர்டயோ தெரியா," என்றார். "நம்மடதுதான்."